பெற்ற பின்னும் ஓர் உதை

பச்சைக் குழந்தைகள் வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரியின் சக்கர நாற்காலி உள்ளே போனபோது வெளியே நல்ல வெயில். உள்ளே அந்தி. குறைமாதத்தில் வந்தவர்களின் கண் கூசக் கூடாதென்று ஜன்னல்களைத் தடித்த நீலத் துணியால் மூடியிருந்தார்கள். ஸ்பிரிட் நெடி, லேசாகப் புளித்த பால் வாடை, சூடேறிய பிளாஸ்டிக் வாடை. இத்தனை குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஒரு அழுகைகூடக் கேட்கவில்லை என்பது அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்தபோது நாற்காலியிலிருந்து எக்கி, பெட்டி பெட்டியாகப் பார்த்தாள்.

முந்தின நாள் சாயங்காலம்வரை அவள் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மிஷினை விட்டு எழுந்தபோது காலடியில் தண்ணீர். பொழுது விடிவதற்குள் பையன் பிறந்துவிட்டான்.

“வந்துட்டியா? இதோ, உன் அவசரக்குடுக்கை,” என்றார் பெரிய சிஸ்டர். அந்த வார்டில் வரும் குழந்தைகளுக்கெல்லாம் முதல் பெயர் வைப்பது அவர்தான். “அப்படி என்னடா உனக்குத் தலைபோற அவசரம்னு காலையிலேருந்து கேக்கறேன். வாயத் திறக்க மாட்டேங்கறான்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தான். மார்பில் மூன்று ஒயர், வாயோரம் பால் போக ஒரு மெல்லிய குழாய். உடம்பில் சதை பிடிக்காததால் தோல் ஒரு சைஸ் பெரிதாகத் தைத்த சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். “பயப்படாதீங்க. இந்த வாரக் கணக்குல பிறக்கற குழந்தைங்க பெரும்பாலும் நல்லா வந்துடுவாங்க. மூச்சு, பால் குடிக்கறது, உடம்புச் சூடு, இது மூணும் பிடிபடணும். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்.”

“வேற ஒண்ணும் இல்லையே டாக்டர்?”

“சில நேரம் மூச்சு விட மறந்துடுவான். அந்தப் பழக்கம் மூளையில இன்னும் சரியாப் பதியல. நாள் ஆக ஆகப் போயிடும்.”

மறந்துவிடுவானா? மூச்சு விடவா? அவள் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் பெட்டியின் வட்டக் கதவு வழியே கையை விட்டு, பையனின் உள்ளங்காலை ஒரு விரலால் சுண்டிக் காட்டினார். “இப்படி ஒரு தட்டு தட்டினா ஞாபகம் வந்துடும். மருந்தும் குடுக்கறோம். காபியில இருக்கற அதே சங்கதிதான். உன் புள்ள பொறந்த அன்னைக்கே காபி குடிக்க ஆரம்பிச்சுட்டான், போ.”

பக்கத்தில் நின்ற, பஸ் டிரைவரான அவள் கணவன் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் வயிற்றுக்குள் அது உதைத்தது.

இடது விலாவுக்குக் கீழே, பையன் எப்போதும் உதைக்கிற அதே இடத்தில். அவளுக்குத் திடுக்கென்றாலும், பழகின உதை என்பதால் கை தன்னால் அங்கே போய்த் தடவிக் கொடுத்தது. மறுநிமிடம் பெட்டியின் மேலிருந்த மானிட்டர் கூவியது. சிஸ்டர் காலைச் சுண்டினார். பையனின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் வயிறு அடங்கியது.

இரண்டையும் அவள் முடிச்சுப் போடவில்லை. அன்றைக்கு யார்தான் போடுவார்கள்?

பக்கத்திலேயே தாய்மார்களுக்கென்று ஒரு அறை இருந்தது. அங்கே படுத்துக்கொண்டு, பால் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டு நாட்களைத் தள்ளினாள். உதை வந்துகொண்டே இருந்தது. உள்ளதைச் சொன்னால், முதல் சில நாள் அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிள்ளையைத் தூக்க முடியாமல் வெறுங்கையோடு கிடப்பவளுக்கு அது ஒரு துணை. யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள்.

பையனுக்குப் பால் குடிக்கப் பிடிபட்டது. உடம்புச் சூடும் நிலைத்தது. அவனுக்குப் பின்னால் வந்த குழந்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. மூச்சு மட்டும் பிடிபடவில்லை.

“இந்நேரம் இது நின்னுருக்கணும்,” என்றார் டாக்டரம்மா. அந்த நிதானக் குரலில் முதல்முறையாக ஒரு பிசிறு. “ஒவ்வொரு தடவையும் திரும்பி வர நேரம் கூடிக்கிட்டே போகுது. இப்படியே போனா மூளைக்கு நல்லதில்ல.”

மூளைக்கு நல்லதில்லை என்றால் என்ன அர்த்தம், பேச மாட்டானா, நடக்க மாட்டானா, இருக்கவே மாட்டானா என்று அவளுக்குள் ஓடியது. பெட்டிக்கு அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டுகொண்டாள்.

முதலில் உதை.

பிறகு மானிட்டர்.

காலைச் சுண்டியதும் பையனுக்கு மூச்சு. அவள் வயிற்றில் அமைதி.

ஒரு முறை தப்பவில்லை.

மத்தியானம் வந்த கணவனை வராந்தாவுக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். “ஏங்க, அவன் திரும்ப உள்ள வரப் பாக்கறாங்க. அவனுக்கு நாள் முடியல. அங்க மூச்ச விட்டுட்டு இங்க வந்துடறான்.”

“தூக்கம் இல்லாம உனக்குக் கண்டதெல்லாம் தோணுது,” என்றான் அவன். சொல்லிவிட்டு, சமாதானத்துக்காக அவள் வயிற்றில் கையை வைத்தான்.

அது உதைத்தது.

சூடு பட்டவன் மாதிரி கையை எடுத்துக்கொண்டான். உள்ளே மானிட்டர் கூவியது. கருக்கலில் கண்ணை மூடிக்கொண்டுகூட பஸ் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள், சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா திட்டவில்லை. பெற்ற பிறகும் உதைப்பது போல நிறையப் பேருக்கு இருக்கும், கருப்பை சுருங்கும், குடல் அசையும் என்று சொல்லி, ஸ்கேன் அறைக்கு அவரே கூட்டிப் போனார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறப் புகை. “பாருங்க. ஒண்ணுமே இல்ல.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கருவியோடு அவர் கை துள்ளியது.

திரையில் அப்போதும் ஒன்றுமே இல்லை.

“வெறும் வாயு,” என்றார் டாக்டரம்மா. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். பசை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அவள் உள்ளே இருப்பவனோடு பேச ஆரம்பித்தாள். திட்டவில்லை, கெஞ்சினாள். “கண்ணு, நீ பொறந்துட்டடா. இங்க உனக்கு இனிமே ஒண்ணும் கிடையாது, எல்லாம் வெளியதான் இருக்கு. அப்பா உனக்குத் தொட்டில் வாங்கி வச்சிருக்காரு. அங்கேயே இருடா ராஜா.” சில நேரம் அது கேட்பது போல அசையாமல் இருக்கும். பிறகு உதைக்கும்.

பிரசவத்துக்குக் குறித்த தேதி வந்தது. காலையில் சிஸ்டர் பையனைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணி எதுவும் இல்லாமல், அவள் சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாக இறக்கினார். “இன்னைக்குத்தான பொறக்க வேண்டியவன்? அம்மா மேல கெடக்கட்டும். அம்மா மூச்சக் கேட்டு இவனும் விடுவான்.” மேலே போர்வையைச் சுற்றிவிட்டு, கூப்பிட்டால் வருகிறேன் என்று பால் அறைக்குப் போனார்.

நீலத் துணியின் விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெயில். பையனின் பாதங்கள் அவள் மேல்வயிற்றில் பதிந்திருந்தன. அவனுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் அவள் தோல்தான் இருந்தது.

அவள் காத்திருந்தாள்.

உதை வந்தது. இதுவரை இல்லாத பலத்தோடு வந்தது.

நெஞ்சின் மேல் பையனின் மூச்சு நின்றது.

சிஸ்டர் வரும்வரை பொறுக்க நேரமில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலைத் தேடிச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள். அவன் உதடு நீலம் பாரித்தது. மானிட்டர் கூவியது, நிற்காமல் கூவியது. நகம் பதிய ஒரு சுண்டு சுண்டினாள்.

பையன் வீறிட்டு, இரண்டு காலையும் சேர்த்து அவள் வயிற்றில் உதைத்தான்.

உள்ளே இருந்ததும் உதைத்தது.

அதே நொடியில். அவன் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இவன் வெளியே உதைக்கிறான். அழுகிறான், மூச்சு விடுகிறான். அப்படியென்றால் உள்ளே இருப்பது இவன் இல்லை. ஒருநாளும் இவனாக இருந்ததில்லை. இத்தனை நாளும் கண்ணே ராஜா என்று அவள் கொஞ்சியது யாரை? ஐந்து வாரம் மீதி வைத்து இவன் காலி செய்த இடத்தில் வந்து படுத்துக்கொண்டது எது?

ஒருவேளை இவன் அவசரப்பட்டே வெளியே வரவில்லையோ. தப்பித்து வந்தானோ.

உள்ளே அது மறுபடி காலை மடக்குவது தெரிந்தது. அவள் குனிந்து கிசுகிசுத்தாள்.

“நீ யாரா வேணா இருந்துக்கோ. எம்புள்ளைய விட்டுடு.”

அது காத்திருந்தது.

“இடந்தான வேணும் உனக்கு? எடுத்துக்கோ. இனிமே நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னை எடுக்கச் சொல்லி எங்கயும் போக மாட்டேன். நீ உள்ள இரு. அவன் வெளிய இருக்கட்டும்.”

மடக்கிய கால் மெல்ல நீண்டது. இடம் கொடுத்ததும் நீட்டிப் படுக்கிறவர்கள் நீட்டுவது போல, முழுதாக நீண்டது.

சிஸ்டர் ஓடி வந்தபோது பையன் ரோஜா நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு மானிட்டர் ஒருதடவைகூடக் கூவவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒயரையெல்லாம் கழற்றினார்கள். “இவ்வளவு நாள் ஆட்டிப் படைச்சுட்டு, சட்டுன்னு நிறுத்திட்டான் பாருங்க,” என்று டாக்டரம்மா வியந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவன் தயங்கித் தயங்கி, “இப்ப உள்ள ஏதாவது...?” என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்லங்க,” என்றாள். கொடுத்த வாக்கு.

வீட்டில் பையன் மளமளவென்று தேறினான். கன்னம் உப்பியது, தோலுக்குள் சதை வந்தது. அவள் மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். உள்ளே அது புரண்டு படுப்பது மட்டும் தெரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தையலை ஓட்டுவாள். வயிறு பெருக்கவும் இல்லை, வற்றவும் இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறானே, அது போதும் என்று இருந்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகியிருந்தாள்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா எடையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து மூச்சைக் கேட்டார், பையன் கண்ணெதிரே ஒரு சிவப்பு வளையத்தை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. “முகம் பார்த்துச் சிரிக்கறானா?”

“இன்னும் இல்ல டாக்டர்.”

“இவனுக்குப் பொறந்த நாள்லேருந்து கணக்குப் பாக்கக் கூடாது, பொறக்க வேண்டிய நாள்லேருந்து பாக்கணும். அப்படிப் பாத்தா இப்பத்தான் வரணும். எந்தக் குறையும் இல்லாம வளருவான். சந்தோஷமா போங்க.”

வராந்தாவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் பையனை மடியில் சாய்த்து வைத்து, மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தாள். எந்தக் குறையும் இல்லாமல் வளருவான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

பையன் சிரித்தான்.

பொக்கை வாய் முழுதும் விரிய, கண் சுருங்க, முதல் சிரிப்பு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “என் தங்கமே!” என்று வாரித் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

சிரிப்பு அணைந்துவிட்டது. அவன் அவளைப் பார்த்தான், யாரோ வழியில் நிற்கிறவரைப் பார்ப்பது போல. கழுத்தை முறுக்கிக் கீழே எதையோ தேடினான். சிணுங்கினான்.

அவள் அவனைத் திரும்ப மடியில் இறக்கினாள்.

அவன் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான். குட்டி விரல்களை விரித்து, சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

உள்ளேயிருந்து ஒரு கை மெதுவாக எழும்பி வந்து, அந்தக் கைக்கு நேராக, விரலுக்கு விரல் பதிந்து நின்றது.