போயிட்டு வா

டார்ச்சை அணைத்த பிறகும் சுவரிலிருந்த நிழல் உடனே போகவில்லை. கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுத்தான் போனது. காலையிலிருந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிற கண் வேறு எதைத்தான் காட்டாது என்று தையல்காரி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பாதியில் நின்ற பள்ளிச் சீருடையை மறுபடி மெஷினுக்குள் தள்ளினாள்.

அந்த நிழல் விளையாட்டே அவள் கண்டுபிடிப்புதான். ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, அதன்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, உள்ளே டார்ச்சை வைத்திருந்தாள். முன்னால் ஆட்டுவதற்கு, அட்டையில் வெட்டிக் குச்சியில் ஒட்டிய ஒரு பாப்பா. ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் பட்டப்பகலிலும் அறை இருட்டிவிடும். மூன்று வயது மகள் சிட்டு, கத்தரிக்கோலைத் தூக்காமல், பொத்தான் டப்பாவைக் கவிழ்க்காமல், சுவரில் ஆடும் பாப்பாவோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பாள். அப்பாடா என்றிருந்தது அம்மாவுக்கு.

ஒரே தொல்லை, டார்ச்சை அணைத்தால் சிட்டு வீட்டையே ரெண்டாக்கிவிடுவாள். அதற்கும் ஒரு வழி பண்ணினாள்.

"பாப்பா அவ வீட்டுக்குப் போறா. டாட்டா சொல்லு."

"பாப்பா, போ!"

"ஐயோ, போன்னு சொல்லக்கூடாதுடி தங்கம். போயிட்டு வான்னு சொல்லணும்."

அந்த வீட்டில் அது கண்டிப்பு. வேன் ஓட்டுகிற கணவன் ஒருநாள் அவசரத்தில் "போறேன்" என்று கிளம்பியதற்கு, தெருமுனை வரை ஓடி வண்டியை மறித்து, "போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வண்டிய எடுங்க" என்று ஊர் சிரிக்க நின்றவள் அவள். குழந்தையிடம் மட்டும் விடுவாளா? சிட்டு தினமும் சுவரைப் பார்த்துக் கையாட்டினாள். போயிட்டு வா, பாப்பா. போயிட்டு வா.

அது வந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், திரையை இழுத்ததுமே, டார்ச்சைத் தொடுவதற்கு முன்பே, சுவரில் பாப்பா நின்றது. விரல் நீள அட்டையின் நிழலுக்கு இப்போது சிட்டுவின் உயரம். ஜன்னலில் மழை தட்டும் சத்தத்துக்கும் மெஷின் எண்ணெயின் நெடிக்கும் நடுவே, சுவர்ப் பக்கமிருந்து யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குவது போல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்மா அட்டைப் பாப்பாவை நாலாய்க் கிழித்துக் குப்பையில் போட்டாள். நிழல் அசையவில்லை.

"அவ வீட்டுக்கு என்னையும் கூப்பிடறாம்மா," என்றாள் சிட்டு.

"எந்த வீட்டுக்கு?"

சிட்டு சுவரைக் காட்டினாள்.

கணவனுக்கு போன் செய்தாள். "முதல்ல கண் டாக்டரப் பாரு," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் திரைகளையே கழற்றிவிட்டாள். அறை முழுக்க வெயில். மெஷினுக்கு நிழல் விழுந்தது. நாற்காலிக்கு விழுந்தது. நடுவில் ரெட்டைக் குடுமியோடு நின்ற சிட்டுவின் காலடியில் மட்டும் வெறும் தரை.

அம்மா திரும்பினாள். சுவரில் பாப்பா. பக்கத்தில் ரெட்டைக் குடுமி வைத்த ஒரு சின்ன நிழல். இரண்டும் கை கோத்திருந்தன.

சுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"போ! வராதே! போ!"

சிட்டு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. உதடு பிதுங்கியது.

"சரிம்மா. போறேன்."

"உன்னை இல்லடி! கண்ணு, வரேன்னு சொல்லு! வரேன்னு சொல்லுடி!"

நாற்காலி இருந்தது. மெஷின் இருந்தது. சிட்டு நின்ற தரையில் வெயில் மட்டும் இருந்தது.

ஜன்னலில் போர்வையை மாட்டினாள். டார்ச்சைப் போட்டாள். ஆரஞ்சு வெளிச்சத்தில் இரண்டு நிழல்களும் இருந்தன. முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே.

"போயிட்டு வா," என்றாள். "போயிட்டு வா, சிட்டு. போயிட்டு வா."

டார்ச் மங்க ஆரம்பித்தது.

ரெட்டைக் குடுமி திரும்பிப் பார்த்தது. டாட்டா காட்டியது.