ஒரே வீட்டுச் சாமான்

கொதிக்கும் நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கசக்கி, வெயிலில் மொடமொடவென்று காயவைத்து, நாலாக மடித்து அலமாரிக்குள் அடுக்கிய தலையணை உறையில் மறுநாள் காலை எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் கருத்து, ஓரத்தில் மஞ்சளாகப் படர்ந்து, யாரோ இரவெல்லாம் அதில் தலைவைத்துப் படுத்து எழுந்துபோன மாதிரி. அந்த உறையை இன்னும் எந்தத் தலையணைக்கும் போட்டிருக்கவில்லை.

மூக்கிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருஷமாகச் சலவை நிலையத்தில் கறை எடுக்கிற மேஜையில் நிற்பவள் அவள். ரத்தமா, துருவா, வாந்தியா, எந்திர எண்ணெயா என்று துணியை முகத்தருகே கொண்டுபோனதுமே சொல்லிவிடுவாள்; அதனால்தான் அங்கே எல்லாருமாகச் சேர்ந்து மூக்கி என்று பெயர் வைத்தார்கள். அது வீடு வரைக்கும் வந்து புருஷன் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இழையில் ஊறிப்போன பழைய எண்ணெய், துவைத்த பிறகு மேலே ஏறி வருவதுண்டு. ஆனால் அது பிசின் மாதிரி காய்ந்திருக்கும். இது விரலில் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். பொடுகு, சிக்குத் தலை, காதுக்குப் பின்னால் கழுவாத இடத்தின் புளிப்பு. புருஷனின் வாசனை அவளுக்கு மனப்பாடம். தன் வாசனையும் தெரியும். இது இரண்டு பேருடையதும் அல்ல.

உறையை வாங்கியது, ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த அந்த நீளமான தகரக் கொட்டகையில். இப்போது அது செகண்ட் ஹேண்ட் சாமான் கடை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அவள் கால் தானாக அங்கே போகும். புதுக் கடையில் எல்லாப் பொருளும் வா வா என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இங்கே அப்படியில்லை, தேடினால்தான் கிடைக்கும், அதுவும் அன்றைக்கு ராசி இருந்தால். பாத்திரம் இல்லாத மூடிகள் ஒரு கூடையில், மூடி இல்லாத பாத்திரங்கள் இன்னொரு கூடையில். அதில் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு கல்யாணத்தை முடித்துவைத்த திருப்தி. துணிக்குவியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டால் நல்ல பருத்தி எது, போலி எது என்று விரலே சொல்லும். அடியிலிருந்து ஒரு முத்து சிக்கியதும், பக்கத்தில் நிற்பவள் பார்த்துவிடுவாளோ என்று அதை மார்போடு அணைத்துக்கொள்கிற அந்த ஒரு நொடிக்காகவே வாரம் முழுக்கக் கறை மேஜையில் நிற்கலாம்.

அவளுக்கு அது வெறும் ஆசையும் அல்ல. பன்னிரண்டு வருஷம் புருஷனின் அண்ணன் வீட்டில், ஓர் அறையைத் துணித்திரையால் இரண்டாக்கிக் குடித்தனம் நடத்தியவள். போன மழைக்காலத்தில்தான் இந்த இரண்டு அறை வீடு வாய்த்தது. பேசினால் எதிரொலிக்கிற அளவுக்குக் காலியாக இருந்ததை அவள்தான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வீடாக்கினாள். கைவைத்த பிரம்பு நாற்காலி, அடி கனத்த கண்ணாடி டம்ளர், கட்டில் விரிப்பு, வழவழப்பான மரச் சீப்பு. எதைக் கொண்டுவந்தாலும் ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போனது.

"எல்லாம் சொல்லி வெச்சுச் செஞ்ச மாதிரி இருக்கேடி," என்று புருஷன்கூட ஆச்சரியப்பட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எதற்கும் சுலபத்தில் ஆச்சரியப்படாதவன்.

உறையை மறுபடி கொதிக்கவைத்தாள். தண்ணீர் பழுப்பாக இறங்கியது. மறுநாள் பிசுக்கு அதே இடத்தில். மூன்றாம் தடவை சலவை நிலையத்துக்கே கொண்டுபோய் அங்குள்ள மருந்தெல்லாம் போட்டு எடுத்தாள். வெள்ளை வெளேரென்று வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் திறந்தபோது பிசுக்கின் நடுவே ஒரு நரைமுடி சுருண்டிருந்தது, வேரில் வெள்ளைக் குமிழோடு.

சீப்பிலும் முடி. குச்சியால் ஒவ்வொரு பல்லாகக் குடைந்து கழுவிவைத்த சீப்பு, பஞ்சு அடைத்தது மாதிரி நரைமுடியால் அடைத்துக் கிடந்தது.

"இது யாருதுங்க?"

"என்னைக் கேக்கறியா? என் தலையில முடி இருந்தா நான் ஏன் தொப்பி போட்டுட்டு வேன் ஓட்டறேன்?" என்று சிரித்தான் புருஷன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்திலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாக வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தாள். விரிப்பை உதறினால் தடித்த மஞ்சள் நகத் துண்டுகள் பிறை பிறையாக விழுந்தன. கண்ணாடி டம்ளரில் நீர் குடித்தால் நாக்கின் மேல் ஏதோ வழவழவென்று தங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்பாகப் பாசி. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். மாலையில் மறுபடி பாசி. ஒருநாள் வேலையிலிருந்து வந்த அலுப்பில் பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவள், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள். இருக்கை சூடாக இருந்தது. சூடு மட்டுமல்ல, ஈரம். உடையின் பின்பக்கத்தைத் தொட்டு விரலை முகர்ந்தாள். வயதான உடம்பின் வியர்வை, அதற்கடியில் அடக்கமுடியாமல் ஒழுகிய சிறுநீர். காலையில் பூட்டிய வீடு. சாவி அவள் கையில்தான் இருந்தது.

அன்று புருஷன் வந்ததும் நாற்காலியைக் காட்டினாள். அவன் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"நாத்தம் வரலை உங்களுக்கு?"

அவன் மூச்சை இழுத்து விட்டான். "நாத்தமா? இது நம்ம வீட்டு வாசனைதானே."

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

புதன்கிழமை மதியமே விடுப்பு சொல்லிவிட்டு, உறையை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரம்மா வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து வந்திறங்கிய மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, என்ன அதிசயம்! இன்னைக்குச் சனிக்கிழமையா என்ன?"

"அக்கா, இந்த உறை யார் குடுத்தது?"

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இது மட்டுமா? நீ எடுத்துட்டுப் போறது அத்தனையும் ஒரே வீட்டுச் சாமான்தானே. நான்கூட நினைப்பேன், இங்க மலை மாதிரி கொட்டிக் கிடக்கு, உன் கை மட்டும் எப்படி நேரா அதுக்கே போகுதுன்னு."

மூக்கி உறையைப் பைக்குள் திணித்தாள். "செத்துப் போனவங்களுதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா! அந்தம்மா இருக்காங்க. அவங்களேதான் வாராவாரம் ஒண்ணொண்ணா தூக்கிட்டு வருவாங்க. நேத்துகூட வந்தாங்க, கையில ஒண்ணும் இல்லாம. எல்லாம் குடுத்தாச்சு, இப்ப அதெல்லாம் எங்க இருக்குன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரே பொண்ணுதான் மொத்தமும் எடுத்திருக்கா, நல்லா வெச்சிருப்பான்னேன். உங்க தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் சொல்லி அனுப்பினேன். அந்தக் கண்ணாடி டம்ளரைத்தான் ரொம்ப விசாரிச்சாங்க. ராத்திரியில பல் செட்டைக் கழட்டிப் போட்டு வைக்கிறது அதுலதானாம்."

மூக்கி கொட்டகையின் பின்பக்கம் ஓடினாள். மதியம் சாப்பிட்டதெல்லாம் வந்து, பித்தம் வந்து, பிறகு வெறும் காற்று வந்தது. இத்தனை நாளாக நாக்கில் தங்கிய வழவழப்பு மட்டும் வரவில்லை.

வழி நெடுக ஒரே நினைப்பு: நாலு கோணிப்பை, எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்துவிட வேண்டும், மறுபடி வெறும் தரையில் படுத்தாலும் பரவாயில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் துணி காய்ந்தது, யாரோ வானொலி கேட்டார்கள், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. வீட்டு முன்னால் புருஷனின் வேன் நின்றது. பள்ளி விடுகிற நேரம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய வண்டி.

கதவு திறந்திருந்தது.

வாசற்படியிலேயே மூக்கு அடைத்தது. இத்தனை நாள் ஒரு உறையிலும் ஒரு நாற்காலியிலும் ஒட்டிக்கொண்டிருந்த நாற்றம் இப்போது வீடு முழுக்க, சுவர் முழுக்க, நீராவியோடு கலந்து வெதுவெதுப்பாக நின்றது. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் தளதளத்தது. குளியலறைக்குள் யாரோ மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம். கதவிடுக்கின் வழியே நீர் வெளியே வழிந்து அவள் காலடிக்கு வந்தது. சாம்பல் நிற நீர். அதில் திரி திரியாக ஏதோ மிதந்தது. நூலில்லை. உடம்பில் உருட்டி எடுத்த அழுக்கு.

புருஷன் தோளில் துண்டோடு நின்றான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான்.

"ஷ்ஷ். நான்தான் உள்ள விட்டேன்," என்றான் மெதுவாக. "வெயில்ல வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க, பாவம். அவங்க சாமானெல்லாம் இங்கதானேடி இருக்கு? வேற எங்க போவாங்க?"

"வாங்க, போயிடலாம். இப்பவே. ஏங்க, வாங்க."

உள்ளே நீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"வந்துட்டியாம்மா?" பல்லில்லாத வாய், சொற்கள் ஈரமாக வழுக்கி வந்தன. "முதுகுக்குக் கை எட்டல. கொஞ்சம் தேய்ச்சு விடு."

மூக்கி திரும்பினாள். புருஷன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். முரடாக அல்ல, அன்பாக. அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து முன்னால் நகர்த்தினான். அந்தக் கை வழுக்கியது. அவள் மூச்சை இழுத்தாள். அவன் வாசனை அவனிடம் இல்லை.

"உனக்குத் தெரியாத வேலையாடி?" என்றான். "மெதுவா. அவங்களுக்கு வலிக்கும்."

கதவு அவள் கைபட்டுத் திறந்தது. பின்னால் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து விழுந்தது.

நீராவி. மணையில் ஒரு முதுகு. அகலமான, கூன் விழுந்த, கருத்த முதுகு. தலை திரும்பவில்லை. முதுகு தேய்க்கிற நார் ஒன்று தோளுக்கு மேலாகப் பின்னால் நீண்டது. அதைப் பிடித்திருந்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

வாங்கிக்கொண்டாள். கை தானாக வாங்கியது.

தேய்த்தாள். கருப்பு உருண்டு திரண்டு விழுந்தது. அடியில் சாம்பல். சாம்பலையும் தேய்த்தாள். அடியில் மஞ்சள், மெழுகு மாதிரி. நீர் ஊற்றித் தேய்த்தாள். கொத்துக் கொத்தாக வந்தது. காலைச் சுற்றிக் குவிந்தது. சாக்கடைத் துளை அடைத்துக்கொண்டது. நீர் கணுக்காலுக்கு ஏறியது.

எலும்பு தட்டுப்படவேண்டிய இடத்தில் கை உள்ளே இறங்கியது. விரல். மணிக்கட்டு. வெதுவெதுப்பு.

தோல் வரவில்லை. தேய்க்கத் தேய்க்க அழுக்குதான் வந்தது.

"ம்ம்," என்றது முதுகு, சுகமாக. "அங்கதான்மா. இன்னும் கொஞ்சம் உள்ள."