வளிக்கு ஓர் அரங்கு

வெள்ளிக் கோளின் மேகங்களில் மிதக்கும் அந்த நகரத்தில், இன்றைக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்கள். வழக்கமாக இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். அன்று நானூறு.

வளிமண்டலத்தை அளக்கும் வேலையில் இருந்த பூங்கோதை பல் தேய்க்காமலே கணக்குப் போட்டாள். வெளியே வளிமண்டலம் சூடேறி அடர்த்தி குறைந்துவிட்டது. நகரத்தைத் தாங்க அதற்கு வலுவில்லை. இரண்டாயிரம் மீட்டர் தாழ்ந்தால் குளிர்விப்பான்கள் நின்றுபோகும். பிறகு எண்பதாயிரம் பேரும் வெந்து சாக வேண்டியதுதான். எடைமூட்டைகளை உதிர்த்தால் பிழைக்கலாம். உதிர்க்கும் பொத்தான் அவள் கணவன் சேவியரின் மேசையில் இருந்தது. ஆனால் துறைக்கு ஓர் அரங்கு என்று பிரித்து வைத்திருக்கும் அறிவுமன்றம் என்ற இணையக் குழுவில், உரிய அரங்கில் எச்சரிக்கை பதிவாகாமல் அதைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

‘வெளியே காற்று மெலிகிறது’ என்று எழுதினாள். மன்றத்தைக் கட்டி மேய்க்கும் ‘ஒழுங்கி’ என்ற இயந்திரம் அதைக் குழாய்ப் பழுது அரங்குக்குத் தள்ளியது. அந்த ஊரில் காற்று என்றால் குழாயில் வரும் மூச்சுக்காற்றுதான். ‘வளி’ என்று மாற்றினாள். சித்த மருத்துவ அரங்குக்குப் போயிற்று. வாதக் கோளாறு என்று நினைத்து யாரோ சுக்குக் கஷாயம் குடிக்கச் சொன்னார்.

சேவியரை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“இயற்பியல் அரங்குல போட வேண்டியதுதானே?”

“போட்டேங்க. வானிலை இங்க சேராதுன்னு மூடிட்டாங்க. வானிலை அரங்குல கேட்டா, இது இயற்பியல், அங்க போங்கறாங்க. பயமா இருக்குங்க. நீங்களே அழுத்திடுங்களேன்.”

“மன்றத்துல இல்லாம கை வெச்சா வேலை போயிடும். தனி அரங்கு கேளு.”

கேட்டாள். நூறு பேர் ஆதரவு வேண்டுமாம். வளிமண்டலவியலா, வளிமண்டல இயற்பியலா என்று மூன்று மணி நேரம் சண்டை. சின்னத்தில் மேகம் போடலாமா என்று இன்னொரு சண்டை. பூங்கோதை சுவரில் கை வைத்தாள், சுட்டது. பாவிகள், இந்த நேரத்திலுமா பெயர்ச் சண்டை!

ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டரில் நூறாவது ஆள் சேர்ந்தார். வளிமண்டல இயற்பியல் அரங்கு திறந்தது. எச்சரிக்கையை எழுதினாள். ‘புது அரங்கின் முதல் பதிவு’ என்று ஒழுங்கி தானே அதற்குத் தலைப்பிட்டது. நொடியில் நாலாயிரம் வாழ்த்துகள் குவிந்தன. நகரம் மட்டும் தாழ்ந்துகொண்டே இருந்தது.

“என்னங்க, என் பதிவப் பாத்தீங்களா?”

“பாக்காம? முதல் வாழ்த்தே என்னோடதுதான். பூங்கொத்து வேற போட்டிருக்கேன். சரி, எச்சரிக்கைய எப்பப் போடுவே? பொத்தான் மேல விரல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“ஐயோ, அதுதாங்க எச்சரிக்கையே! படிக்கலையா?”

மறுமுனையில் குளிர்விப்பான் ஒன்று விக்கி நின்றது.

“வாழ்த்தறதுக்கு யாருடி படிக்கிறா?” என்றான் சேவியர்.