துணிக்கிடங்கில் ஒரு படையல்

தரங்கம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம். மழை விட்டிருந்தது. கையில் புதுப்புடவை.

என் மனைவி குந்தவை இறந்து ஓராண்டு. சுமங்கலியாகப் போனவளுக்குப் புடவை வைத்துப் படைப்பது அவள் வீட்டு வழக்கம். படைத்ததும் எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும். அவள் வந்து எடுத்துக்கொள்வாளாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அவள் ஒரே ஒருமுறை வந்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் போனேன்.

அவள் வீட்டில் மற்ற அறைகள் மழைக்கு ஒழுகின. மாமனார் சிங்காரவேலு பின்கட்டுத் துணிக்கிடங்கில் இலை போட்டிருந்தார். அவருடைய முன்னோர், அன்று ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களுக்குத் துணி மூட்டை கட்டிய இடம். அந்தத் துணி கப்பல் மாறி ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது. அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, கரும்பு வெட்டத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். குந்தவை கல்லூரியில் வரலாறு நடத்தியவள். இதைச் சொன்னபோது அவள் அப்பா சிரித்தார்.

“துணி வித்தோம். ஆளையா வித்தோம்?”

அதன்பின் அவள் இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

விளக்கேற்றிவிட்டு மாமனார் சொன்னார்: “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மாப்ள. அப்பத்தான் அவ வருவா.”

அவர் முதலில் வெளியேறினார். ஓராண்டாக அந்தப் பெயரை நான் சொன்னதில்லை.

“வா, எடுத்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

கதவிடுக்கு வழியாக முதலில் வாசனை வந்தது. கருகிய கரும்புப்பாகு. அதற்கடியில் உப்பு, வியர்வை.

பிறகு உள்ளே பாதங்கள் நடக்கும் சத்தம். மெதுவாக, ஈரத்தரையில் ஒட்டிப் பிரிவது போல. ஒருவருடையவை அல்ல.

பிறகு புடவை கிழிந்தது.

நிதானமாக. ஒரு துண்டு. இன்னொரு துண்டு. யாரோ பங்கு போடுகிறார்கள்.

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த மாமனார் கையை எடுத்தார்.

“பேரைச் சொன்னீங்களா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அப்ப யாரைக் கூப்பிட்டீங்க?”

கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் துணியைக் கொடுத்து வாங்கப்பட்டவர்களை என்று. அவர் முகம் அப்படித்தான் மாறியது.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“குந்தவை.”

உள்ளே சத்தம் நின்றது.

அவள் குரல் கேட்டது. கதவுக்குள்ளிருந்து அல்ல. எனக்குப் பின்னால், முற்றத்திலிருந்து.

“ஏங்க… உள்ள இடமில்லங்க.”

திரும்பினேன். முற்றத்தில் யாரும் இல்லை.

உள்ளே மறுபடியும் துணி கிழிந்தது.