ஒன்பதாம் மாத வெளியேற்றம்

காலை ஆறு மணிக்குத் தெற்கு வாசலில் கொள்ளளவுப் பலகை எரியும். நகரத்துக்கு அனுமதி இரண்டு கோடித் தலை. ஒன்றுகூட அதிகமாகக் கூடாது. அன்று பலகை ஒரு காலியிடம் காட்டியது. வரிசையில் முதல் பெயர் என் மகள் இதழினி, வயது நான்கு. பிறந்தது முதல் மதுராந்தகத்தில் என் அக்காவிடம் வளர்கிறாள். பத்து மணிக்கு அவளுக்கு உள்ளே வசிப்பதற்கான குடியெண் கிடைக்கும். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தாள்.

நான் வாசல் ஊழியர். வளைகாப்பு முடிந்த பெண்களை வெளியே அனுப்புவதுதான் என் வேலை. ஒன்பதாம் மாதம் தாய்வீடு போவது நம் வழக்கம்தானே, அதையே சட்டமாக்கிவிட்டார்கள் மகானுபாவர்கள். தாய்வீட்டு விதி என்று பெயர். பெற்றவள் வேலைக்குத் திரும்பலாம்; அதன்பின் குடியெண்ணை விடாமல் வெளியே போக முடியாது, பிள்ளையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். வெளியே பிறந்த பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே பிறந்துவிட்டால் அன்றைய காலியிடம் அதற்குத்தான். அதனால்தான் உள்ளே பிறக்க விடுவதில்லை. எங்கள் கை வேண்டுமாம், எங்கள் பிள்ளை வேண்டாமாம். இதற்கு வளையலும் சந்தனமும் ஒரு கேடா?

ஒன்பது மணிக்கு நிறைமதி வந்தாள். மெட்ரோ தண்டவாளத்தில் வேலை பார்ப்பவள். கருவிழி ஸ்கேனர் முன்னால் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. சிறிது நேரத்திலேயே நோவு முற்றிவிட்டது.

மேற்பார்வையாளர் குலசேகரன் ஓடி வந்தார். “கதவத் தொறந்து ஸ்ட்ரெச்சர்ல வெளிய தள்ளும்மா. வாசல்ல போட்டிருக்கற மஞ்சக் கோட்டைத் தாண்டிட்டாப் போதும்.”

“தலை தெரியுது சார். இப்ப அசைக்கக் கூடாது.”

“உள்ள பொறந்தா உன் பொண்ணு எடம் போயிடும். நல்லா யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், என் விரல் கதவைத் திறக்கும் பொத்தான் மேல்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இதழினி கையாட்டினாள். நிறைமதி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “தள்ளிடாதீங்கக்கா” என்றாள்.

கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆண் குழந்தை. அது அழுததும் பலகையில் காலியிடம் பூஜ்யமானது.

“ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றார் குலசேகரன்.

“ரெண்டு புள்ளைல ஒண்ணுதான் வேணும்னு சட்டம் போட்டவனுக்கு என்ன பிடிச்சிருக்காம்? அவனைப் போய்க் கேளுங்க சார்.”

 இனி அடுத்த காலியிடம் எப்போது வருமோ. இந்த ஊருக்கு உழைத்தது போதும் என்று தோன்றியது. அடையாள வில்லையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். குடியெண்ணை ரத்து செய்யும் திரையில் கட்டைவிரலைப் பதித்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி இதழினியின் கையைப் பிடித்தேன். நான்கு வருடத்தில் கண்ணாடி இல்லாமல் அவளைத் தொட்டது அன்றுதான்.

பின்னால் பலகை மணியடித்தது. நான் விட்டு வந்த இடத்தை அது காலியிடமாகக் காட்டியது.

“இதழினி, வயது நான்கு. தனியாக உள்ளே வரவும்” என்றது ஒலிபெருக்கி.

“அம்மா, என்னைக் கூப்புடறாங்க” என்று சிரித்தபடி அவள் என் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.