ஆப்பிளில் பதிந்த பற்கள்

"அப்ப அந்த டம் டம்னு சத்தம் என்ன? மாத்திரை குடுத்தும் கதவ உதைக்கறாளா?"

"இல்ல அண்ணி. என் எதிர்லதான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறா."

"பாத்தியா, மாத்திரை கேக்குது. கூடவே உனக்கும் ஒண்ணு எழுதி வாங்கியிருக்கலாம். அந்த வீட்டுல பாதிக் கோபம் உன்னோடதுதானே?" போனில் நாத்தனார் தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள்.

அவள் போனை மேசைமேல் அறைந்தாள். லாரி ஓட்டப் போன கணவன் திரும்ப இன்னும் நாலு நாள் ஆகும். அதுவரை அவன் அக்காவின் அறிவுரை தினமும் மாலை ஆறு மணிக்கு வந்துவிடும். ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடம் மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பியபோது வராத அறிவுரை. பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டித் திட்டியபோது வராத அக்கறை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பல்தான் அவள் பிழைப்பு. பல் செட் கட்டும் லேபில் பன்னிரண்டு வருடம். ஒரு கடியின் அச்சைப் பார்த்தால் ஆளையே சொல்லிவிடுவாள்.

அப்போதுதான் உறைத்தது. சத்தம் நாத்தனாருக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு வாரத்துக்கு மேலாகவே அது இருந்தது. கிழிந்த மெத்தையும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடக்கும் சாமான் அறைக்குள்ளிருந்து, ஈரத்துணி மக்கிய வாடையோடு சேர்ந்து, குதிகாலால் பலகையை உதைப்பதுபோல் ஏழு உதை, சற்று இடைவெளி, மறுபடி ஏழு. தூக்கம் கெட்ட தன் தலைக்குள் கேட்பது என்று நினைத்து, அந்தத் தலைமேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

ஏழு உதை. மகள் அப்படித்தான் உதைப்பாள்.

மாத்திரை தொடங்கிய முதல் நாள் மகள் அதைத் துப்பினாள், டம்ளரை எறிந்தாள், பிடிக்கப்போன அம்மாவின் மணிக்கட்டில் ரத்தம் வரக் கடித்தாள். கண்மண் தெரியாத ஆத்திரத்தில் பிள்ளையைச் சாமான் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். "என் கோபம் தீர்ற வரைக்கும் உள்ளயே கெட!" தினமும் நடப்பதை எழுதிவரச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த நோட்டில் இதை மட்டும் எழுதவில்லை.

அன்றைக்குச் சமையலறையில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் மகள் நின்றாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. மாத்திரை குடுங்க."

பிறந்ததிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்றே பேசிய பிள்ளை. சாமான் அறையின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சரியாகப் போட்டிருக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதக்கணக்கில் ஏங்கிக் கிடைத்த அமைதி. அதை நிற்க வைத்துக் கேள்வி கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்று ஒன்பதாம் நாள்.

"போதும்மா." பாதி தின்ற ஆப்பிளை மகள் தட்டில் வைத்தாள். துளிச் சாறு சிந்தவில்லை. நோட்டில் எழுத்துகள் கோடு தாண்டவில்லை.

அவள் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆப்பிளின் வெள்ளைச் சதையில் கடித்த அச்சு தெளிவாக இருந்தது. தன் மணிக்கட்டைத் திருப்பி அருகே வைத்தாள். அதில் கருத்து ஆறிய தழும்பு. மேல் வரிசையின் நடுவில், விழுந்த பாற்பல்லுக்கு ஓர் இடைவெளி.

ஆப்பிளில் இடைவெளி இல்லை.

ஒன்பது நாளில் எந்தப் பல்லும் முழுசாக முளைக்காது. அவளுக்குத் தெரியாததா?

"வாயைத் திற."

திறந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரே அளவில், ஒரே வரிசையில். அவள் லேபில் செய்து அடுக்கும் செட்டுகளைப் போல.

டம்.

நாற்காலி சாய அவள் எழுந்தாள். இத்தனை நாளும் ஊர்மேலும் பிள்ளைமேலும் பாய்ந்த கோபம் மொத்தமாகத் திரும்பி அவள் நெஞ்சில் உதைத்தது. பார்த்தேனே. தாழ்ப்பாளைப் பார்த்தேனே. பார்த்துவிட்டுத்தானே திரும்பினேன், பாவி.

டம். டம். முன்பைவிட மெதுவாக.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். மேலே தூசி. பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் மணிக்கட்டை, சரியாகத் தழும்பின்மேல், பிடித்துக்கொண்டது. சூடு இல்லாத கை.

"விட்டுடுங்கம்மா. நாளைக்குத் தானா நின்னுடும்."

ஒன்பது நாள். சோறில்லாமல். தண்ணீர் இல்லாமல்.

உதை நின்றது. கதவுக்கடியில் ஏதோ உரசியது. வெளிச்சக் கோட்டுக்குள் நாலு விரல்கள் ஊர்ந்து வந்து, நகம் பிய்ந்த நுனிகளால் தரையைத் தடவி, அவள் கால் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தன.

உள்ளேயிருந்து, காய்ந்து பிளந்த குரல்.

"அம்மா... உன் கோபம் தீந்துடுச்சா? கதவத் திறயேன்."