கிள்ளுக்காரி

தாய் இறால்கள் இடம்விட்டு நகரவில்லை. ஆனால் அவற்றின் வயிற்றடிக் கால்கள் மட்டும் ஓயாமல் நீந்திக்கொண்டிருந்தன. இறால் குஞ்சு பொரிக்கும் அந்தப் பண்ணையில், வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணி கட்டிய அறையில், உப்பும் அழுகலும் கலந்த வாடைக்கு நடுவே அவள் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜோடிக் கால்கள். கடைசி ஜோடி முதலில் அசைய, அந்த அசைவு ஒவ்வொன்றாகத் தொற்றி முன்னால் வந்தது. எல்லாம் ஒரே தாளத்தில், ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தபடி.

ஒற்றைக் கண் அவள் கைவேலைதான். ஒரு கண்ணைக் கிள்ளி எடுத்தால் தாய் இறால் சீக்கிரம் முட்டையிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே நசுக்கு. அதனால் பண்ணையில் அவள் பெயரே கிள்ளுக்காரி. "வலிக்காதுடி ராசாத்தி, ஒரு கண்ணு போதும் உனக்கு" என்று ஒவ்வொன்றையும் கொஞ்சிக்கொண்டே கிள்ளுவாள். பாவம், மனதை ஆற்றிக்கொள்ள அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

இன்றும் ஒன்றைக் கிள்ளினாள். அது துள்ளவில்லை. அதன் கால்கள் அவள் உள்ளங்கையில் நிதானமாக அசைந்தன. அந்தக் கூச்சம் மணிக்கட்டு வரை ஏறியது.

பண்ணைக்குப் பின்னாலிருந்த ஒற்றையறை வீட்டில், மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள். சுண்டுவிரல் தானாக அசைந்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். இரண்டு கைகளிலும் ஒரே தாளம். கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளின. காற்றில். மகளின் கண்ணுக்குப் பக்கத்தில்.

"இன்னும் பின்னலையாம்மா?" மகள் திரும்பவில்லை. தன் கைகளைப் பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

"வெளிய ஓடு பாப்பா. ஓடுன்னு சொல்றேன்ல!"

மகள் அசையவில்லை. விரல்கள் மறுபடியும் கிள்ளின. இன்னும் நெருக்கத்தில். பெற்ற பிள்ளையின் கண்.

எழுந்து வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கதவின் இடுக்கில் இடது கையை வைத்தாள். காலால் உதைத்துச் சாத்தினாள். எலும்பு நொறுங்கியது. கத்தினாள். அடுத்த கை. உதைத்தாள். மறுபடியும். மறுபடியும்.

விரல்கள் தோலில் தொங்கின. அசைவு நின்றது. பிள்ளை தப்பித்துவிட்டாள். சுவரோரம் சரிந்து விழுந்து அழுதாள்.

மகள் வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள். தாயின் கன்னத்தை வருடினாள். சின்னச் சுண்டுவிரல் முதலில். பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல்.

தள்ளிவிட அவளுக்குக் கை இல்லை.

"வலிக்காதும்மா" என்று மகள் கொஞ்சினாள். "ஒரு கண்ணு போதும் உனக்கு."

பிஞ்சு விரல்கள் இரண்டு இடது இமைக்குள் நுழைந்தன.